ஒரே தேக்கு, இரண்டு புழு

கேரளத்தின் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியது 1840-களில். அந்த மரங்களின் இலையை இரண்டு வகைப் புழுக்கள் தின்கின்றன. இரண்டுமே அந்துப்பூச்சியின் புழுக்கள். இரண்டுமே தண்டைத் துளைப்பதில்லை, வேரைத் தொடுவதில்லை. ஆனால் மரத்துக்கு நேரும் நஷ்டத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

முதலாவது ஹிப்ளியா பியூரா. கோடை மழை விழுந்து தேக்கு தளிர்த்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். தாய்ப்பூச்சி கொழுந்திலைகளில் தனித்தனியாக ஐந்நூறு முட்டை வரை இடும். பொரித்த புழு முதலில் இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் இலை விளிம்பில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, தன் நூலால் ஒட்டிக்கொண்டு, அந்த மடிப்பிலிருந்தபடி தின்னும். மிஞ்சுவது தடித்த நரம்புகள்தான். பெருங்கூட்டம் ஏறிய மரத்தடியில் நின்றால், எச்சம் சருகில் விழும் ஓசை தூறல் போலக் கேட்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் வளர்ச்சி முடிந்து, நூல் விட்டு இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிவிடும். மேலே மரம் மொட்டை.

இரண்டாவது, யூட்டெக்டோனா மகீராலிஸ். இதற்கு முற்றின இலை போதும். மெல்லிய நூல்வலைக்கடியில் இருந்துகொண்டு நரம்புகளுக்கு இடையிலுள்ள பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். இப்படித் தின்ற இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பொடி நரம்புகூட அறுபடாமல், அசல் சல்லடை. நிலம்பூரில் இது பெரும்பாலும் வருஷக் கடைசியில் தலைகாட்டும். இலை கொட்டாமல் பழுப்பேறிக் கிளையிலேயே தொங்குவதால், தோப்பே பட்டுப்போனதாகத் தோன்றும்.

பார்வைக்கு இதுதான் பயங்கரம். மே மாதத்து மொட்டை மரமோ சில வாரங்களில் மறுபடி துளிர்த்து, ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். தேக்கை வெகுகாலம் ‘எப்படியும் துளிர்த்துவிடும்’ என்று விட்டுவைத்ததில் ஆச்சரியமில்லை.

கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ்.எஸ். நாயரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நஷ்டத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள். நிலம்பூரின் இளந்தோட்டத்தில் சில பகுதிகளை முதல் புழுவிலிருந்து மட்டும், சிலவற்றை இரண்டாவதிலிருந்து மட்டும், சிலவற்றை இரண்டிலிருந்தும் மருந்தடித்துக் காத்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஐந்து வருஷ அளவீடு 1985-இல் வெளிவந்தது. கொழுந்து தின்னும் புழுவால் மட்டும் மரம் வைக்கவேண்டிய கன அளவில் 44 சதவீதம் போயிருந்தது. சல்லடைப் புழுவால் சொல்லும்படி இழப்பில்லை.

காரணம் நேரத்தில் இருக்கிறது. தேக்கு முந்தைய பருவத்தில் வேரிலும் தண்டிலும் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் கொழுந்து விடுகிறது. அந்த இலை சம்பாதித்துக் கொடுக்கும் முன்பே போய்விட்டால், மிச்சமிருக்கும் சேமிப்பை உடைத்து இன்னொரு முறை இலை கட்ட வேண்டும். அதே பருவத்தில் கூட்டம் மறுபடி ஏறினால் இன்னொரு செலவு. மழையும் ஈரமும் இருந்து தண்டு பருக்க வேண்டிய மாதங்கள் இப்படி வீணாகின்றன. மரம் சாவதில்லை, மெலிகிறது. இளங்கன்றில் நுனிக்குருத்தும் போனால் தண்டு கவைத்துவிடும்; நீள மரம் எதிர்பார்த்தவருக்கு அது தனி நஷ்டம். வருஷக் கடைசி இலையோ தன் வேலையை முடித்து உதிரக் காத்திருப்பது. அதைத் தின்பதால் மரத்தின் கையிருப்பு பெரிதாகக் குறைவதில்லை.

ஆகவே தோட்டக்காரர் செலவழிக்க வேண்டியது முதல் புழுவின் மீதுதான் என்பேன். அதற்கென்றே நோயுண்டாக்கும் ஒரு நச்சுயிரியை அந்த நிறுவனமே தயாரித்திருக்கிறது. மற்ற பூச்சிகளுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் புழு சின்னதாக இருக்கும் சில நாட்களுக்குள் தெளித்தாக வேண்டும். ஓங்கிய மரங்களின் உச்சியில் நடப்பதை அதற்குள் கண்டுபிடிப்பதுதான் பாடு.

மத்திய இந்தியாவில் கதை வேறு. அங்கே சல்லடைப் புழு மழைக்காலத்தின் பின்பாதியிலேயே, இலை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும்போதே பெருகிவிடும். நிலம்பூர்க் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது.