ஒரு யூனிட் மணல்

கட்டடக்கலை மாணவர் வரையும் சைட் பிளானில் வடக்கைக் காட்டும் அம்பு இருக்கும். சாலையின் அகலம், பக்கத்து வீட்டு மதில், கிணறு, வேப்பமரம், காற்று வரும் திசை எல்லாம் இருக்கும். அந்த வீட்டுக்கு மணல் எந்த ஊரிலிருந்து வரப்போகிறது என்பது மட்டும் இருக்காது. எஸ்டிமேட்டில்தான் அது தலைகாட்டும்: இத்தனை யூனிட், யூனிட் இத்தனை ரூபாய்.

ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பில் சுற்றுச்சூழல் பாடம் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் எல்லா இளநிலைப் படிப்புகளிலும் அது கட்டாயம். ஓசோன் படலம், அமேசான் காடு என்று படித்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகிறார்கள். புவியியல் பத்தாம் வகுப்போடு கழிந்துவிடுகிறது. கட்டட வரலாறு தனித் தாள். கோயிலுக்குக் கல் கொடுத்த குன்று அந்தத் தாளில் வராது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கற்பிக்க வேண்டுமானால் மாணவர்களைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து, ஒரு யூனிட் மணலின் பின்னால் நடக்கவிடலாம் என்பேன். கட்டடக்கலை கற்பிக்கும் திருச்சி என்.ஐ.டி.யும் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியும் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன.

யூனிட் என்றால் 100 கன அடி. எடை ஏறக்குறைய நாலரை டன். 1000 சதுர அடி வீட்டுக்கு 18 யூனிட் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு.

அது பிறந்தது மலையில். பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னகைட் என்ற கரும்பாறை. வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதையே ஒரு கல்லின் பயணம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைமேல் கிடந்த பலகைக்கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர், 1893இல் அந்தப் பாறைவகைக்குச் சார்னக் பெயரையே சூட்டினார். கல் போனதோ நம் பல்லாவரத்திலிருந்து! கட்டட வரலாற்று வகுப்பில் இதைச் சொன்னால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

மழையும் வெயிலும் வேர்களும் சேர்ந்து இந்தப் பாறையை உதிர்க்கின்றன. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் நாளடைவில் மக்கிக் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் மக்காது, உடைந்து மணலாகிறது. களிமண் லேசானது, தண்ணீரோடு வெகுதூரம் போய்க் கண்மாயில் படிகிறது. அதை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டால் செங்கல். மணல் ஆற்றோடு தங்கிவிடுகிறது. செங்கல்லுக்கும் அதை ஒட்டும் கலவைக்கும் தாய் ஒன்றே என்பதை எந்தக் கட்டுமானப் பாடநூலும் ஏனோ சொல்வதில்லை.

ஆற்று மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸில் பார்த்தால் இந்த வரலாறு தெரியும். கண்ணாடிச் சில்லுபோல் குவார்ட்ஸ். இன்னும் மக்கி முடியாத மங்கல் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார். இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு இருந்தால் கார்னெட். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் சில கறுப்புத் துகள்கள் கூடவே ஊரும், அவை மேக்னடைட். ஓரம் மழுங்கிய மணிகள் அதிக தூரம் உருண்டவை. கூர்மையாக இருப்பவை மலையை விட்டு வந்து அதிக நாள் ஆகாதவை.

கீழ்ப்பழனி மலையில் உதிர்ந்த மணலை இறக்கிக் கொண்டுவருவது குடகனாறு. ஆத்தூர் காமராசர் அணையைத் தாண்டி, சிறுமலைப் பக்கத்து ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு, வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடுகிறது. தெற்குச் சீமையில் வடக்கு நோக்கிப் போகும் ஆறு என்பதால் மாணவர்களுக்கு முதலில் வரைபடம் தலைகீழாகத் தெரியும். அமராவதியில் சேர்ந்து, கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. வழியில் அழகாபுரியில் மண்ணால் கட்டிய குடகனாறு அணை 1977 வெள்ளத்தில் கரைக்கு மேலே தண்ணீர் வழிந்து உடைந்தது. பிறகு மறுபடி கட்டினார்கள். அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மணலையும் நிறுத்துகிறது. 1934இல் மேட்டூர், 1959இல் வைகை என்று ஒவ்வொரு அணை வந்தபோதும் கீழே இருக்கும் ஆற்றுக்குப் புது மணல் வரத்துக் குறைந்தது. பிறகு நாம் அள்ளியதெல்லாம் பழைய சேமிப்பு.

ஆற்றில் கிடக்கும்போது மணல் சும்மா கிடப்பதில்லை. மணிகளுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். ஒரு யூனிட்டில் 30 கன அடிக்கு மேல், அதாவது 850 லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். ஒரு சின்டெக்ஸ் தொட்டிக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய பெண்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும்.

மணல் போன வழியிலேயே, ஆனால் எதிர்த்திசையில், லாரி வருகிறது. குன்றும் ஆறும் எத்தனையோ ஆயிரம் ஆண்டு எடுத்துக்கொண்டு கரூருக்கு இறக்கிய மணலை, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரே ராத்திரியில் திண்டுக்கல்லுக்குத் திருப்பி ஏற்றிவிடலாம். எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். ஈர மணல் உப்பிக் காட்டும் என்பதால் 100 கன அடி வாங்கியவர் காய்ந்த கணக்கில் 80தான் வாங்கியிருப்பார். 2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. 2017 நவம்பரில், ஆறு மாதத்தில் எல்லாக் குவாரிகளையும் மூடும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய மணலைப் பற்றிய வழக்கு அது. குவாரிகள் ஆறு மாதத்தில் மூடப்படவில்லை.

அதே திசையில் இன்னொன்றும் வருகிறது. திண்டுக்கல் பக்கத்து ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய். இப்படிப்பட்ட திட்டங்களில் ஆற்றுப் படுகைக்குள் கிணறு இறக்கி, மணல் வடித்துக் கொடுக்கும் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே காவிரி மணல் 18 யூனிட் இறக்கிய வீட்டுக்காரர், தன் குடிநீர்க் குழாயின் வடிகட்டியில் கொஞ்சத்தையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்து நிலைத்தன்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இதைக் கரும்பலகையில் சொன்னால் ஏறாது. லாரியும் குழாயும் ஒரே சாலையில் வருவதைப் பார்த்தால் ஏறும்.

மணல் இறங்கியதும் மேஸ்திரியின் வகுப்பு. ஒரு பிடி அள்ளி மாணவியிடம் நீட்டுவார். “பாப்பா, உள்ளங்கையில வச்சு நல்லாத் தேச்சுப் பாரு. உதறுனப்புறமும் ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அம்புட்டும் வண்டலுதேன்.” சந்தேகமானால் கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்பார். மணல் கீழே, வண்டல் மேலே பட்டையாகப் படியும். நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் லோடைத் திருப்பச் சொல்வார்.

கலவையில் சேரும் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்கு அது முக்கியமான தீர்ப்பு. கட்டடக்கலை மாணவருக்கோ அது கம்பியின் ஆயுள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456. உப்பேறிய போர்வெல் தண்ணீரில் பூசிய சுவர் பொரிந்து உதிரும்போது சிமென்டைத் திட்டிப் பயனில்லை.

இன்று பெரும்பாலான சைட்டுகளில் இறங்குவது ஆற்று மணல் இல்லை, எம்-சாண்ட். குன்றை வெடிவைத்துப் பிளந்து, கிரஷரில் ஜல்லியாக்கி, இன்னும் நொறுக்கி, சலித்து, கழுவி எடுப்பது. 2016இல் திருத்திய ஐ.எஸ். 383 இதற்கு இடம் கொடுக்கிறது. கான்கிரீட்டுக்கு நல்லதுதான், கூர்முனை மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பூச்சுக்குத்தான் கொத்தனார்கள் முனகுவார்கள்: கரணையில் வழுக்காது, தண்ணீர் அதிகம் கேட்கும். அதற்காகத்தான் நைசாக பி-சாண்ட் என்று தனியே வந்தது. கழுவாத கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று தள்ளிவிடும் வேலையும் நடக்கிறது. மேலே சொன்ன பாட்டில் அதையும் காட்டிக்கொடுக்கும்.

எம்-சாண்ட் வாங்கினால் இயற்கைக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆற்றுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. பாக்கியைக் குன்று கட்டுகிறது. கிரஷர் பக்கத்துத் தோட்டத்தில் முருங்கை இலையைத் தொட்டால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டும்.

ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால்தான் வீடு கட்டவேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக லாரி பேக்கர் சொல்லிவந்தார். கட்டடக்கலை வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் செய்தி. திண்டுக்கல் மலைக்கோட்டை அதற்கு நல்ல உதாரணமாகத் தோன்றும்: 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய அந்தக் கோட்டையின் மதில் பாறையிலிருந்தே எழுகிறது. ஆனால் கிரஷரும் இன்று பல வீடுகளுக்கு ஐந்து மைலுக்குள்தான் இருக்கிறது. தூரம் குறைவு என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது. எவ்வளவு எடுக்கிறோம், எத்தனை வேகத்தில் எடுக்கிறோம் என்பதும் கணக்கு. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் ஜல்லியும் தின்கிறது என்று 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொன்னது. பாலைவன மணல் காற்றில் உருண்டு மழுங்கியதால் கலவைக்கு ஆகாது. சுற்றிலும் மணலை வைத்துக்கொண்டு துபாய் வெளிநாட்டு மணல் வாங்குகிறது.

மாணவர்கள் கையில் இருக்கும் கருவி வரைபடம். சுவரை ஒன்பது அங்குலத்திலிருந்து குறைத்தால், பூச்சில்லாமல் செங்கல்லைத் தெரியவிட்டால், சுவருக்குள் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு கட்டினால் எத்தனை யூனிட் மிச்சம் என்று அவர்களால் பேனாவாலேயே சொல்லமுடியும். கொத்தனாரால் அது முடியாது. அவர் கைக்கு வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும்.

ஐந்தாம் ஆண்டு தீசிஸ் ஜூரியில் உட்காரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கண்ணாடி முகப்பையும் மாடித் தோட்டத்தையும் காட்டி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு மணல் எத்தனை யூனிட், எந்த ஆற்றிலிருந்து அல்லது எந்தக் குன்றிலிருந்து? பதில் சைட் பிளானில் இல்லையென்றால் ஷீட்டைத் திருப்பிக் கொடுங்கள்.