கேட்க முடியாத ஒரு கண்டக்டருக்குக் கிடைத்த பாராட்டு

குஸ்தாவ் மாலர் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அவரைச் சிம்பனி எழுதியவராகத்தான் அறிவார்கள். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியது கண்டக்டர் மாலரைப் பற்றி. சிம்பனிகளை அவர் கோடை விடுமுறையில் எழுதிக்கொண்டிருந்தார். விமர்சகர்களில் பலர் அவற்றைப் பெரிய மனிதரின் சின்னப் பலவீனம் போலப் பொறுத்துக்கொண்டார்கள். 1910-இல் ம்யூனிக்கில் எட்டாம் சிம்பனிக்குக் கிடைத்த பெருவெற்றி ஒரு விதிவிலக்கு.

அந்தக் கண்டக்டருக்குக் கிடைத்த பாராட்டைப் பற்றி இன்று எழுதலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். கண்டக்டர் என்றால் நமக்கு விசிலும் டிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். இவர் வேறு. ஓபரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். மேடையில் பாடகர்கள், கீழே பள்ளத்தில் பெரிய வாத்தியக்குழு. இரண்டுக்கும் நடுவே கையில் குச்சியோடு நிற்பவர் ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லை. ஆனால் எங்கே வேகம், எங்கே நிதானம், எந்த வாத்தியம் அடங்க வேண்டும், பாடகர் எங்கே மூச்செடுக்கலாம் எல்லாம் அவர் கையில். திரை விழுந்ததும் அவர் செய்த வேலை காற்றோடு போய்விடும். பத்திரிகையில் மறுநாள் வருவதுதான் மிச்சம். ஒலிப்பதிவு வராத காலத்தில் விமர்சகரின் பேனாவுக்கு இருந்த அதிகாரத்தை இதை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள்.

மாலர் 1860-இல் பொஹீமியாவில் ஒரு சிற்றூரில் பிறந்த யூதர். அப்பா சாராயத் தொழில் செய்தவர். இருபது வயதில் ஒரு சின்னக் கோடைக்கால அரங்கில் தொடங்கி லைபாக், ஓல்முட்ஸ், காசல், பிராக், லைப்சிக் என்று ஊர் ஊராக ஏறி, 1888-இல் புடாபெஸ்ட் ஓபராவின் இயக்குநரானார். அங்கே 1890-இல் அவர் நடத்திய மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யைக் கேட்டார் ப்ராம்ஸ். அவரை யாராலும் எளிதில் திருப்திப்படுத்த முடியாது. அந்த ஓபராவைச் சரியாகக் கேட்கவேண்டுமென்றால் புடாபெஸ்டுக்குத்தான் போகவேண்டும் என்று அவரே சொன்னார். 1892 ஜனவரியில் சாய்கோவ்ஸ்கி தன் 'யெவ்கெனி ஒனேகின்' ஓபராவைத் தானே நடத்துவதாக ஹாம்பர்க் வந்தார். வந்தவர் குச்சியை மாலரிடம் விட்டுவிட்டார். இங்குள்ள கண்டக்டர் ஏதோ ஒரு சராசரி ஆள் இல்லை, மேதை என்று தன் மருமகனுக்குக் கடிதம் எழுதினார்.

ஐரோப்பாவின் இரண்டு பெரிய இசையமைப்பாளர்கள் கொடுத்த சான்றிதழ்கள் இவை. ஆனால் வியன்னா அரச ஓபராவுக்கு இவை மட்டும் போதவில்லை. ஒரு யூதர் அந்தப் பதவிக்கு வருவது நடக்காத காரியம். 1897 பிப்ரவரி 23 அன்று மாலர் ஹாம்பர்க்கில் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். ஏப்ரலில் நியமனம் வந்தது.

அதே ஏப்ரலில் வியன்னாவில் இன்னொரு நியமனமும் நடந்தது. யூத வெறுப்பையே தேர்தல் சரக்காக விற்ற கார்ல் லூகர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் பலமுறை ஒப்புதல் தர மறுத்துவந்தார். கடைசியில் அந்த மாதம் விட்டுக்கொடுத்தார். ஒரே நகரம், ஒரே மாதம். வரலாறு படித்தவர்களுக்கு இது தற்செயலாகவே பட்டாலும், சும்மா கடந்துபோக முடியாத தற்செயல்.

மே 11 அன்று வாக்னரின் 'லோஹன்கிரின்' மாலரின் முதல் நிகழ்ச்சி. மறுநாள் பத்திரிகைகளில் பாராட்டு மழை. நகரத்தின் மூத்த விமர்சகர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் ஏற்கெனவே அவர் பக்கம். அக்டோபரில் மாலர் ஓபராவின் இயக்குநராகவே ஆகிவிட்டார். அப்போது வயது 37.

அவர் செய்த முதல் வேலைகள் பாராட்டு வாங்கித் தரக்கூடியவை அல்ல. தாமதமாக வருபவர்களை உள்ளே விடவேண்டாம் என்றார். பாடகர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கைதட்டும் கூலிக் கூட்டத்தை ஒழிக்கப் பார்த்தார். வாக்னரின் நீண்ட ஓபராக்களை ரசிகர்களின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்காக வெட்டிச் சுருக்கும் பழக்கம் இருந்தது. வெட்டிய இடங்களை எல்லாம் திரும்பச் சேர்த்தார். "எங்கள் மரபு" என்று யாராவது ஆரம்பித்தால், உங்கள் மரபு என்பது உங்கள் சோம்பல்தான் என்கிற ரீதியில் பதில் வரும்.

1898 நவம்பரில் 'டாய்ச்ச ட்சைட்டுங்' என்ற பத்திரிகை வியன்னா ஓபராவில் யூதர்களின் ஆட்சி நடப்பதாக ஒரு கட்டுரை போட்டது. மாலர் கையை ஆட்டும் விதமே கேலிக்கு உள்ளாகியிருந்தது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆட்டோ பூலர் என்ற ஓவியர் மாலர் நடத்தும்போது எடுக்கும் உடல்நிலைகளைக் கறுப்பு நிழலுருவங்களாக வரைந்தார். துள்ளல், குனிதல், காற்றைக் குத்தும் விரல். இன்று அவற்றை நாம் ரசிக்கிறோம். அதே சைகைகளை ஒரு விமர்சகர் 'தீப்பிடித்த உழைப்பு' என்று எழுதலாம், இன்னொருவர் 'யூத வலிப்பு' என்று எழுதலாம். வியன்னாவில் இரண்டு தொனியும் இருந்தன. கேட்ட இசை ஒன்றுதான்.

எல்லா விமர்சனமும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1900-இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியில் வாத்தியப் பகுதிகளைத் திருத்தி வாசிக்க வைத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கத் துண்டறிக்கை அச்சடித்து அரங்கில் விநியோகிக்கும் அளவுக்குப் போனது விஷயம். ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்ட் போன்ற விமர்சகர்கள் கேட்டதில் நியாயம் உண்டு: பீத்தோவன் எழுதியதைத் திருத்த நீங்கள் யார்? வாத்தியக்காரர்களிடம் மாலர் நடந்துகொண்டதும் கொடூரம்தான். ஒத்திகையில் ஒருவரைத் தனியாக எழுந்து வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்துவார். மேதை என்பதற்காக இதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் 1903-க்குப் பிறகு நடந்ததை யாராலும் மறுக்க முடியவில்லை. ஓவியர் ஆல்ஃப்ரெட் ராலரை மேடை வடிவமைப்புக்குக் கூட்டிவந்தார். 'டிரிஸ்டன்' ஓபராவில் வெளிச்சமும் நிறமுமே கதை சொல்லின. 1904-இல் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'. 1905, 1906-இல் மோட்சார்ட்டின் ஐந்து ஓபராக்கள் புது உருவம் பெற்றன. ஹான்ஸ்லிக்கின் இடத்துக்கு வந்த யூலியுஸ் கார்ன்கோல்ட் தொடர்ந்து ஆதரித்து எழுதினார். இன்றும் ஓபரா வரலாற்று நூல்களில் வியன்னாவின் அந்தப் பத்து ஆண்டுகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு.

1906 மே மாதம் லின்ஸ் ஊரிலிருந்து வியன்னா பார்க்க வந்த 17 வயதுப் பையன் ஒருவன், நாளை 'டிரிஸ்டன்' பார்க்கப் போகிறேன் என்று நண்பனுக்கு அஞ்சலட்டை எழுதினான். அன்று நடத்தியவர் மாலர், மேடை ராலருடையது. பையன் பெயர் அடால்ஃப் ஹிட்லர். அவனுடைய அந்த நண்பர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளின்படி, மாலரின் வாக்னரை ஹிட்லர் மதித்தான். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

1907-இல் ஒரு பத்திரிகைப் பிரச்சாரம் கிளம்பியது. சொந்த சிம்பனிகளை நடத்த வெளியூர் போய்விடுகிறார், ஓபராவுக்கு நஷ்டம் என்று குற்றச்சாட்டுகள். கொஞ்சம் உண்மை, நிறைய காழ்ப்பு. மாலர் விலக முடிவெடுத்தார். அந்த ஜூலையில் மூத்த மகள் இறந்தாள். அடுத்து அவருக்கே இதயக் கோளாறு என்று மருத்துவர் சொன்னார். அக்டோபர் 15 அன்று கடைசியாக 'ஃபிடேலியோ' நடத்தினார். கலைஞர்களுக்கு விடைபெறும் கடிதம் எழுதி ஓபரா அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். யாரோ அதைக் கிழித்துப் போட்டார்கள். டிசம்பர் 9 காலை வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் வழியனுப்ப நின்றார்கள். ஓவியர் கிளிம்ட்டும் அவர்களில் ஒருவர்.

நியூயார்க்கில் கதை திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. 1908 ஜனவரி 1 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 'டிரிஸ்டன்'. பெரும் வரவேற்பு. பிறகு டாஸ்கனினி அதே அரங்குக்கு வந்தார். மாலர் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்கு நகர்ந்தார். 1911 பிப்ரவரி 21 கடைசிக் கச்சேரி. மே 18 அன்று வியன்னாவில் மரணம். மூன்றே நாளில் 'நியூயார்க் டிரிப்யூன்' விமர்சகர் ஹென்றி க்ரேபியல் நீண்ட இரங்கல் கட்டுரை எழுதினார். இரங்கல் என்ற பெயரில் அது ஒரு குற்றப்பத்திரிகை. பியானோ கலைஞர் ஆசிப் கப்ரிலோவிச் கோபத்தோடு பகிரங்கக் கடிதம் எழுதிப் பதில் சொன்னார்.

இப்போது நமக்குக் கிடைப்பது என்ன? 1905-இல் லைப்சிக்கில் துளையிட்ட காகிதச் சுருளில் மாலர் பியானோ வாசித்தது பதிவாகியிருக்கிறது. தன் இசையைத் தானே வாசித்தார், நான்கு சுருள். வாத்தியக்குழுவை நடத்தி ஒரு நொடிகூட பதிவு இல்லை. சிவப்பு, நீலப் பென்சிலால் அவர் குறிப்பெழுதிய இசைப்பிரதிகள் உண்டு. 1960-களில் அமெரிக்காவில், அவரிடம் வாசித்த முதிய கலைஞர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தார்கள். சீடர்களிடம் தேடலாமா என்றால் அதுவும் சிக்கல். ப்ரூனோ வால்ட்டர் அவருடைய உதவியாளர். ஆட்டோ கிளெம்பரர் மாலர் எழுதித் தந்த சிபாரிசு அட்டையை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தவர். வால்ட்டரின் இசை உருகும். கிளெம்பரருடையது கருங்கல். இருவரில் யார் மாலர்?

அவருடைய வாத்தியக்குழுவின் ஒலிக்கு மிக அருகில் போக ஒரு பதிவு இருக்கிறது. 1938 ஜனவரி 16 அன்று வால்ட்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு மாலரின் ஒன்பதாம் சிம்பனியை நடத்தினார். முதல் வயலின் ஆர்னால்ட் ரோசே. மாலருக்கு முன்பே, 1881-இலிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர். மாலரின் தங்கை ஜஸ்டினை மணந்தவர். அந்தப் பதிவு நடந்து இரண்டு மாதத்துக்குள் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. மாலர் பெயரில் இருந்த தெருவின் பலகையை எடுத்துவிட்டு, வாக்னரின் ஓபரா ஒன்றின் பெயரை வைத்தார்கள். 57 ஆண்டு வாசித்த ரோசே துரத்தப்பட்டு லண்டனில் அகதியானார். 1946-இல் அங்கேயே இறந்தார்.

ரோசேவின் மகள் ஆல்மாவும் வயலின் கலைஞர். மாலருக்கு மருமகள் முறை. ஃப்ரான்சில் பிடிபட்டு 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கைதிப் பெண்களின் வாத்தியக்குழுவுக்கு அவரைக் கண்டக்டராக்கினார்கள். வாசிக்கத் தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர் எல்லோரையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கடுமையாக ஒத்திகை பார்த்தார். நன்றாக வாசிக்கும்வரை அந்தப் பெண்களை எரிவாயு அறைக்கு அனுப்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1944 ஏப்ரலில் ஆல்மா முகாமிலேயே இறந்தார். அந்தக் குழுவிலிருந்த பெண்களில் பெரும்பாலோர் உயிரோடு வெளியே வந்தார்கள். செல்லோ வாசித்த அனிட்டா லாஸ்கர் வால்ஃபிஷ் அவர்களில் ஒருவர். தாங்கள் பிழைத்தது ஆல்மாவின் அந்தக் கண்டிப்பால்தான் என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார்.