அரசும் உடையாரும்: மைசூரின் இரு பெயர்கள்

மைசூர் நகரில் குடியேறி வாழும் தமிழர்கள் தேவராஜ மார்க்கெட்டை அறியாதிருக்க முடியாது. அதற்குச் சிறிது தூரத்தில் தேவராஜ அரசு சாலை இருக்கிறது. இரண்டிலும் 'தேவராஜர்' என்ற பெயர் வருவதால் இருவரும் ஒருவரே என்று புதிதாய் வந்தவர்கள் எண்ணிவிடுகிறார்கள். மார்க்கெட்டுக்குரிய தேவராஜர் மைசூரை ஆண்ட மன்னர். உடையார் என்னும் பட்டம் தாங்கியவர். சாலைக்குரிய தேவராஜரோ 1972-ஆம் ஆண்டு முதலமைச்சரானவர். அவர் பெயரின் கடைசிச் சொல் 'அரசு'. ஆண்டவர் பெயரில் அரசு இல்லை. அரியணை ஏறாதவர் பெயரில் அரசு இருக்கிறது! இந்த வியப்பை ஆராய்ந்தால் ஒரு சிறு சமூகத்தின் வரலாறும், தமிழும் கன்னடமும் பங்கிட்டுக் கொண்ட இரண்டு பழஞ்சொற்களின் வரலாறும் வெளிப்படுகின்றன.

முதலில் அந்தச் சாலையின் பெயரைப் பார்ப்போம். கன்னடம் படிக்கத் தெரிந்தவர் அதை 'அரசு' என்றே படிப்பர். ஆங்கில எழுத்திலோ யு, ஆர், எஸ் என்னும் மூன்று எழுத்துக்களே நிற்கின்றன. வட இந்தியாவிலிருந்து வருபவர் அதை 'உர்ஸ்' என்று படித்து, அஜ்மீர் தர்காவில் நடக்கும் உர்ஸ் விழாவை நினைத்துக் கொள்வதில் குற்றமில்லை. அந்த உர்ஸ் அரபுச் சொல். திருமணம் என்பது அதன் மூலப் பொருள். நாகூரில் நாம் கந்தூரி என்று வழங்குவது அத்தகைய விழாவைத்தான். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டுக்காரர் ஒருவர் இதே மூன்று எழுத்துக்களைக் கண்டால் தம் நாட்டு ஆண்பிள்ளைகளின் பெயர் என்று கருதுவார். அங்கே ஜெர்மன் மொழி பேசுவோரிடையே அது வழக்கமான பெயர். சொலோதூர்ன் நகரின் காவல் புனிதரான உர்சுஸ் என்பவரிடமிருந்து வந்தது. லத்தீனில் அதற்குக் கரடி என்று பொருள். இந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று எவ்வித உறவும் இல்லை. எழுத்து ஒன்றாயிருப்பது கொண்டு பெயரின் பிறப்பைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அரசு என்னும் சொல் எவ்வாறு மூன்று எழுத்தாய்ச் சுருங்கியது? பழைய ஆங்கிலேயர் நம் நாட்டு அகர ஒலியைத் தம் காதுக்கேற்ப 'யு' என்ற எழுத்தால் குறித்து வந்தனர். கடலூரின் ககரமும், பஞ்சாபின் பகரமும், நம் வீட்டுக் கறியின் ககரமும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தோடு எழுதப்படுவதை நேயர்கள் அறிவார்கள். ஆகவே முதல் அகரம் 'யு' ஆயிற்று. இடையிலுள்ள ரகரத்தின் அகரம் விரைந்த பேச்சில் தேய்ந்தது. கடைசியில் வரும் உகரமோ நம் பள்ளிக்கூடத்து இலக்கணம் குற்றியலுகரம் என்று கூறுவது; உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்திற்கு 'அரசு' என்பதையே எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் பலர். கன்னட உகரம் நம்முடையதைவிடச் சற்று முழுமையானதேயாயினும், பேச்சில் அதுவும் தேயும். அந்நியர் காதில் அது விழாமற் போனதில் வியப்பில்லை. ஒரு கச்சேரிக் குமாஸ்தாவின் காது எப்படிக் கேட்டதோ அப்படியே ஒரு சமூகத்தின் பெயர் நிலைத்துவிட்டது என்றால் மிகையாகாது.

சொல் மட்டும் மிகப் பழையது. கன்னடத்தின் மிகத் தொன்மையான கல்வெட்டுக்களுள் ஒன்றாகிய ஹல்மிடிக் கல்வெட்டு, ஹாசன் மாவட்டத்தில் கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கருதப்படுகிறது. அதில் வீரச்செயலுக்காக ஊர்களைத் தானமாகப் பெற்ற ஒருவன் விஜ அரசன் என்று குறிக்கப்படுகிறான். அரசு என்பது வடமொழி ராஜன் என்பதன் திரிபு என்று சொல்வோர் உண்டு. அந்த வாதத்தில் இறங்க இங்கு இடமில்லை. நமக்கு வேண்டுவது வேறொன்று. தமிழில் அரசு என்றால் ஆட்சி, ஆளும் நிறுவனம் என்ற பொருளே இன்று முன்னிற்கிறது. கன்னடத்தில் அது ஆளும் மனிதனையே குறிக்கும். தமிழர் ஒருவர் பெங்களூரில் 'தேவராஜ அரசு' என்று கேட்டால், தேவராஜரின் அரசாங்கம் என்று ஒரு கணம் மயங்குவதற்குக் காரணம் இதுதான்.

இனி உடையார். கன்னடத்தில் 'ஒடெயர்' என்பர். உடைய, ஒடெய என்னும் வேறுபாடு பெரிதன்று. நாமே பேச்சில் 'உடைந்தது' என்பதை 'ஒடஞ்சது' என்கிறோம். 'ஒன்று' என்பதை 'வொண்ணு' என்று தொடக்கத்தில் ஒரு வகரத்தைச் சேர்த்தும் சொல்கிறோம். இவ்விரு பழக்கங்களும் சேர்ந்துதான் மைசூர் மன்னர் பெயர் ஆங்கிலத்தில் வகர ஒலியோடு எழுதப்படலாயிற்று. இன்று அரச குடும்பத்தார் எழுதும் முறையை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'வாடியார்' என்று வரும். தமிழ்க் குழந்தைகள் அதை வாத்தியார் என்று படித்துச் சிரித்தால் அதற்கு மைசூர் மன்னர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

உடையார் என்றால் ஊரையோ நிலத்தையோ உடையவர். மைசூரில் ஆங்கிலேயர் பிரதிநிதியாக இருந்து, 1810-ஆம் ஆண்டு முதல் தென்னிந்திய வரலாற்றை நூலாக வெளியிட்ட மார்க் வில்க்ஸ், இச்சொல் பொதுவாக முப்பத்து மூன்று கிராமங்கள் கொண்ட ஒரு சிறு பகுதியின் தலைவனைக் குறிக்கும் என்று எழுதினார். அதாவது, தொடக்கத்தில் இது பேரரசர் பட்டமே அன்று. 1399-இல் யதுராயர் மைசூர் வம்சத்தைத் தோற்றுவித்தார் என்பது மரபு. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய பிறகே அக்குடும்பம் பெரிய அரசாக வளர்ந்தது. அரசு வளர்ந்தது, பட்டம் மட்டும் பழைய ஊர்த்தலைவனின் பட்டமாகவே நின்றது. வெற்றி பெற்றவர்கள் பெருமைமிக்க புதுப் பட்டங்கள் பலவற்றைச் சூடிக்கொண்ட போதிலும், பழைய பெயரைக் கைவிடவில்லை.

தமிழ்நாட்டில் இதே சொல்லின் வாழ்க்கை முற்றிலும் வேறு திசையில் சென்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கள் மன்னரை உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர் என்று குறிக்கின்றன. அங்கு எழுந்தருளிய இறைவனும் உடையாரே. எழுத்தாளர் பாலகுமாரன் ராஜராஜனைப் பற்றி எழுதிய பெருநாவலுக்கு 'உடையார்' என்று பெயரிட்டது அது கருதியே. ஆனால் சோழர் காலத்திலேயே ஊர்ப்பெயரோடு 'உடையான்' என்று சேர்த்துக்கொண்ட நிலவுடைமையாளர்கள் ஏராளமாக இருந்தனர். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் ஆகியோர் சோழர் கல்வெட்டுக்களில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி 1978-இல் ஒரு பெரும் அகராதி வெளியிட்டார்கள். பெயரின் கடைசிப் பகுதியைக் கொண்டு நிலம் யார் கையில் இருந்தது என்று கண்டறியலாம் என்பது கராஷிமா காட்டிய வழி. அவ்வாறு நிலத்தோடு ஒட்டிய பெயர், காலப்போக்கில் உழவுத் தொழில் செய்யும் சமூகங்களின் பெயராகத் தமிழ்நாட்டில் பரவிவிட்டது. இன்று சேலத்திலும் விழுப்புரத்திலும் திருச்சியிலும் உடையார்கள் எண்ணற்றோர். மைசூரிலோ அந்தப் பெயரை நாடறியத் தாங்கியது அரண்மனைக் குடும்பம்.

அவ்வாறாயின் அந்தக் குடும்பத்தின் உறவினர்கள் யார்? அவர்களே அரசு சமூகத்தார். ஆங்கிலேயர் நடுவே அரிய பெயர்கள் சில ஒரே மாவட்டத்தில் மட்டும் கிடைப்பதுண்டு. அந்த மாவட்டத்தில்தான் அந்தப் பெயர் பிறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஆராய்ச்சியாளர்கள் தேடிச் செல்வார்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பெயர் இது. மைசூர் நகரம், ஹுணசூர், நஞ்சன்கூடு வட்டாரங்கள், பிற்காலத்தில் பெங்களூர். இவற்றை விட்டால் இப்பெயரைக் காண்பது அருமை. பெட்டதகோட்டை, களலே முதலிய ஊர்களின் தலைவர்கள் மைசூர் மன்னரோடு கொள்வினை கொடுப்பினை உறவு பூண்டார்கள். களலே குடும்பத்தார் தளவாய்களாகவும் விளங்கினர். 1750-களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காகப் படையுடன் வந்து தங்கிய தளவாய் நஞ்சராஜர் அக்குடியினரே. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வட்டம் சிறிது. அரண்மனையைச் சுற்றியே உத்தியோகமும் நிலமும். ஆகவே பெயரும் அரண்மனையைச் சுற்றியே நின்றது.

இக்குடும்பப் பெண்களின் பெயர்கள் பழைய மரபில் 'அரசு' என்று முடிவதில்லை. 'அம்மண்ணி' என்று முடியும். ஹைதர், திப்பு காலத்தில் அரசுரிமையை மீட்க முயன்று, திருமலை ராவ் வாயிலாகச் சென்னை ஆங்கிலேயரோடு பேச்சு நடத்திய லட்சுமி அம்மண்ணியும், 1895 முதல் 1902 வரை மகனுக்காக ஆட்சி நடத்திய கெம்பநஞ்சம்மண்ணியும் அவ்வாறு பெயர் பெற்றவர்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இச்சொல் அந்நியமாகத் தோன்றாது. வீட்டுப் பெண்ணை 'அம்மணி' என்று அன்போடு விளிக்கும் கொங்கு நாடு, 1799 வரை நெடுங்காலம் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடாகும்.

இதே வட்டாரத்தில் பிறந்த வேறொரு பெயரின் போக்கை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண்டியா பகுதியில் பன்னெடுங்காலத்துக்கு முன் குடியேறிய தமிழ் வைணவர்கள் 'மண்டயம்' என்பதைக் குடிப்பெயராகக் கொண்டார்கள். அவர்களுள் பல குடும்பங்கள் சென்னைக்குச் சென்றன. பெயரையும் கூடவே கொண்டு சென்றன. விவேகானந்தரை 1893-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப் பொருள் திரட்டிய அளசிங்கப் பெருமாளும், புரட்சியாளராக ஐரோப்பாவெங்கும் அலைந்த எம். பி. டி. ஆச்சாரியாவும் மண்டயத்தார். ஆச்சாரியா பெயரின் முதலில் நிற்கும் 'எம்' அந்த ஊரேதான். ஊர்ப்பெயர் ஊரை விட்டு வெளியேறியவனுக்கே மிகவும் பயன்படுகிறது. மண்டியாவில் இருப்பவனுக்கு மண்டயம் என்று சொல்லிக்கொள்ள அவசியம் என்ன? உறவுப்பெயரோ உறவினர் நடுவே இருக்கும்வரைதான் பொருள்படும். அரசு என்னும் பெயர் மைசூரை விட்டு அதிகம் நகராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிறு சமூகத்தார் இருவர் நாட்டின் போக்கைத் திருப்பினார்கள். ஒருவர் சர் காந்தராஜ அரசு, கெம்பநஞ்சம்மண்ணியின் உடன்பிறந்தவர், விசுவேசுவரய்யாவுக்குப் பின் 1922 வரை திவான் பதவியில் இருந்தவர். அவர் காலத்தில்தான், மில்லர் குழுவின் அறிக்கையை ஒட்டி, பின்தங்கிய வகுப்பினருக்கு அரசாங்க உத்தியோகங்களில் இடம் அளிக்கும் ஆணை 1921-இல் பிறந்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி வகுப்புரிமை ஆணை பிறப்பித்ததும் அதே ஆண்டில்தான்.

மற்றவர் ஹுணசூர் வட்டம் கல்லஹள்ளியில் 1915-இல் பிறந்த தேவராஜ அரசு. அவர் 1972 முதல் 1977 வரையும், மீண்டும் 1978 முதல் 1980 வரையும் முதலமைச்சராக இருந்தார். 1973-இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் அவர் ஆட்சியில்தான். அம்மாநில அரசியலில் லிங்காயத்தர், ஒக்கலிகர் என்னும் பெருஞ்சமூகத்தாரே அதுவரை முன்னின்றனர். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்திலிருந்து வந்தவருக்குச் சொந்தச் சாதியின் வாக்குப்பலம் என்று ஒன்று கிடையாது. அதனாலேயே அவர் சிதறிக் கிடந்த சிறு சமூகங்களையும் ஒடுக்கப்பட்டோரையும் ஒன்று சேர்த்தார். ஹாவனூர் குழுவை அமைத்தார்; 1974-இன் நிலச்சீர்திருத்தத்தின் மூலம் குத்தகைதாரருக்கு நிலவுரிமை கிடைக்கச் செய்தார். பெயரின் அருமை அவருக்குக் குறையாக இருக்கவில்லை. அரசு என்று பெயர் தாங்கியவர், நிலம் உடையாரிடமிருந்து உழுதவரிடம் நிலத்தைச் சேர்த்தது சொல்லின் விளையாட்டுப் போலத் தோன்றினாலும், நிலம் பெற்றவர்களுக்கு அது விளையாட்டன்று. அதே கல்லஹள்ளியில் பிறந்த சுப்பிரமணியராஜ அரசு, 'சதுரங்க' என்ற புனைபெயரில் கன்னட நாவலாசிரியராகப் புகழ் பெற்று, 'வைசாக' என்னும் நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்.

அரசுக்கும் உடையாருக்கும் இடையிலுள்ள எல்லையைக் கடக்க வழி ஒன்று உண்டு, அது சுவீகாரம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வாரிசு இல்லாதபோது, பெட்டதகோட்டை அரசுக் குடும்பத்தில் 1863-இல் பிறந்த குழந்தையை அவர் 1865-இல் சுவீகாரம் செய்துகொண்டார். ஆங்கில அரசாங்கம் அதை உடனே ஏற்கவில்லை, 1867-இல்தான் இணங்கியது. 1831 முதல் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த மைசூர், 1881-இல் திரும்பக் கிடைத்தது அந்தப் பிள்ளையிடம்தான். அவரே சாமராஜேந்திர உடையார். அவர் பேரர் ஜயசாமராஜேந்திர உடையார், சமஸ்தானம் போன பிறகு மைசூர் மாநில ஆளுநராகவும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தார். ராஜராஜன் தாங்கிய அதே பட்டத்தோடு ஒருவர் கிண்டி ராஜபவனத்தில் வீற்றிருந்ததை அக்காலத்தில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ!

அவர் மகன் ஸ்ரீகண்டதத்தர் 2013-இல் வாரிசின்றிக் காலமானார். 2015-இல் அரண்மனை மீண்டும் பழைய வழியையே நாடியது. ஜயசாமராஜேந்திரரின் மகள் வழிக் கொள்ளுப்பேரர், 1992-இல் யதுவீர் கோபால்ராஜ் அரசு என்ற பெயரோடு பிறந்தவர், சுவீகாரம் செய்துகொள்ளப்பட்டு யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார் ஆனார். 1971-இலேயே மன்னர் மானியம் ஒழிந்துவிட்டதால், அந்தப் பெயர் மாற்றத்தோடு நாடு எதுவும் கைமாறவில்லை. 2024-இல் அவர் மைசூர்த் தொகுதியில் மக்களவைத் தேர்தலில் நின்று வென்றபோது வாக்குச்சீட்டில் இருந்த பெயர் உடையார் என்பது. அவர் பிறந்த வீட்டின் பெயர், யு, ஆர், எஸ் என்னும் அந்த மூன்று எழுத்துக்கள்தாம்.