திரிகைப் பாடலும் மொழிவழித் தொகுப்பும்: ஓசூர் எல்லைப்புறத்தை முன்வைத்து
ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் கேழ்வரகு அரைக்கும் கல்லைத் தமிழர் திரிகை என்பர். தெலுங்கர் திரகலி என்பர். கன்னடர் பீசுகல்லு என்பர். இசைக்கருவியின்றிப் பெண்டிர் பாடிய அரைவைப் பாடலுக்குக் கல்லின் சுழற்சியே தாளம். கன்னடப் பெண்டிர் இதற்கு மூவடித் திரிபதி யாப்பைக் கையாண்டனர். சார்லஸ் கோவரின் தென்னிந்திய நாட்டுப்பாடல் நூல் (1871) மொழிவாரியாகப் பகுக்கப்பட்டது, நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) பெயரிலேயே எல்லை வகுத்துக்கொண்டது. மும்மொழியும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வட்டாரத்திற்கு அப்பகுப்பு பொருந்தாது. பாடல்களைத் தொழில்வழிப் பகுப்பதே தகும் என்பது என் துணிபு. அவை அருகியமைக்கும் சிப்காட் தொழிற்பேட்டையைவிட மாவு மில்லே நேர்க்காரணம். கல் நின்றதும் தாளம் நின்றது. கல்லைச் சாராத ஒப்பாரியோ இன்றும் கேட்கிறது.