டெடம் ஊரார் செய்த உடன்படிக்கை

1636-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில், சார்லஸ் ஆற்றங்கரையில் புதியதோர் ஊர் தோன்றியது. இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பி, அது கைகூடாமற் கடல் கடந்து வந்த பியூரிட்டன்களே அதனை அமைத்தனர். ஊருக்கு ‘மனநிறைவு’ என்று பெயரிட அவர்கள் விரும்பினர். ஆட்சி மன்றமோ டெடம் என்று பெயரிட்டுவிட்டது.

குடியேறுவோர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஒத்த மனமுடையோரையன்றிப் பிறரைச் சேர்ப்பதில்லை. பூசல் எழுந்தால் தம்முள் ஓரிருவரைக் கொண்டே தீர்த்துக்கொள்வது. ஊரின் செலவையும் ஒழுங்கையும் ஏற்பது என்பன அதன் கூறுகள். மணமானவனுக்கு 12 ஏக்கர், மணமாகாதவனுக்கு 8 ஏக்கர் என்று மனைகளைப் பகிர்ந்தனர்.

ஊரில் இடம் பெற்றவர் எல்லாரும் சபையில் இடம் பெற்றாரல்லர். பல மாதங்கள் வீடுகளிற் கூடி ஒருவர் உள்ளத்தை ஒருவர் ஆராய்ந்த பின்னரே, 1638-ல், எண்மரை முதலாகக் கொண்டு சபை அமைந்தது. இறையருள் தம்மை ஆட்கொண்ட வகையை எடுத்துரைத்து இசைவு பெற்றவரே உறுப்பினர். இது வெறும் சமயச் சிறப்பன்று. குடியேற்றத்தின் ஆட்சியில் வாக்குரிமை சபை உறுப்பினராகிய ஆடவர்க்கே உரியது என்று 1631-லேயே சட்டம் செய்திருந்தனர்.

இடர் வெளியாரால் வரவில்லை. பெற்ற பிள்ளைகளால் வந்தது. அவர்கள் ஒழுக்கமுடையவர்கள், தேவாலயத்துக்குத் தவறாது வந்தவர்கள். ஆயினும், தந்தையர்க்கு வாய்த்த அநுபவம் தமக்கும் வாய்த்ததாகச் சபை நடுவே கூறப் பலர் துணியவில்லை. பொய்யுரைக்க அஞ்சியதைக் குற்றமென்று கொள்ளலாமா? அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா, இல்லையா? 1662-ல் கூடிய குருமார் மாநாடு ஒரு சமரசம் கண்டது. அதனை ‘அரை உடன்படிக்கை’ என்பர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு; பெற்றோர்க்குத் திருவிருந்தும் சபை வாக்கும் இல்லை. டெடம் போதகர் ஜான் ஆலின் இதனை ஆதரித்தார். அவர் அமைத்த சபையே அவர் சொல்லைக் கேட்கவில்லை.

1691-ஆம் ஆண்டுச் சாசனம் வாக்குரிமையைச் சபையினின்று பிரித்துச் சொத்தோடு பிணைத்தது. தொலைவிற் குடிபுகுந்தோர் தனி ஊர் கேட்டனர். 1651-ல் மெட்ஃபீல்டு, 1673-ல் ரென்தம், 1711-ல் நீடம் எனப் பழைய எல்லை குறுகிக்கொண்டே வந்தது.

1818-ல் தாராளக் கொள்கையுடைய ஒரு போதகரை, வரி செலுத்தும் பங்கு மக்கள் தேர்ந்தெடுத்தனர். சபை உறுப்பினருள் பெரும்பாலோர் எதிர்த்து வெளியேறினர். சபைச் சொத்து யாருக்கு? தம்முள்ளே தீர்த்துக்கொள்வோம் என்று எழுதிய ஊரின் பூசல் நீதிமன்றம் ஏறியது. பங்கு மக்களுக்கே என்று 1820-ல் தீர்ப்பாயிற்று. வெளியேறியவர்களோ அதற்கு முன்பே தெருவின் எதிர்ப்புறத்தில் வேறு தேவாலயம் எழுப்பிவிட்டனர். அதற்கு ஜான் ஆலினின் பெயர் வழங்குகிறது.