அளந்து கொடுத்த அரிசி: தஞ்சோங் மாலிம் வரலாற்றில் பசியும் உதவியும்

ஆலயத் திருவிழாவில் தேரும் காவடியும் எத்துணைச் சிறப்புடையனவோ, அத்துணைச் சிறப்புடையது அன்னதானப் பந்தி. பந்தியில் அமர்ந்தவரை நோக்கி, "நீர் எந்தத் தோட்டம்? உம் கையில் என்ன அட்டை இருக்கிறது?" என்று வினவும் வழக்கம் நம்மிடையே இல்லை. பசித்து வந்தவர் என்ற ஒன்றே போதும். இலை விரிகிறது, சோறு விழுகிறது. ஆனால், நம் ஊரின் கடந்த கால ஏடுகளைப் புரட்டினால், பிடி அரிசிக்கும் பசித்த வாய்க்கும் இடையே ஏதேனும் ஒரு தாள் நின்றதை மீண்டும் மீண்டும் காண்கிறோம். அவ்வரலாற்றை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூர் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்தது தஞ்சோங் மாலிம். இதனைச் சூழ்ந்த காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறிய காலத்தில், நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு மறையாத குடும்பங்கள் அவை. பசிக்கு அஞ்சி வந்தவர்கள் வந்து சேர்ந்த இடத்திலோ பால்மரம் இருந்தது, நெல் இல்லை. மலாயா தன் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிசியையே விளைவித்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. ஆகவே, ரப்பர் விலை வீழ்ந்தாலும், கப்பல் நின்றாலும், முதலில் காய்ந்தது லயத்து அடுப்பேயாகும்.

1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் இது மெய்யாயிற்று. வேலையிழந்த தோட்டப் பாட்டாளிகளுக்கு அரசு அளித்த பேருதவி, ஊர் திரும்பக் கப்பல் சீட்டு ஒன்றுதான். 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர். உழைக்கும்வரை சோறு, உழைப்பு வேண்டாதபோது கப்பல் என்பதே அந்நாளைய ஏற்பாடு.

ஜப்பானியர் ஆட்சி அதனினும் கொடிது. 1942 சனவரி 7ஆம் நாள் அருகிலுள்ள சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை முறியடிக்கப்பட்டதும் இவ்வட்டாரம் ஜப்பானியர் கைக்குச் சென்றது. ரப்பரை வாங்குவாரில்லை, அரிசிக் கப்பலும் இல்லை. பங்கீட்டில் கிடைத்த அரிசி மாதந்தோறும் குறைய, மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் உணவாயின. சயாம் பர்மா மரண ரயில் பாதைக்கென மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆயிரமாயிரம் பேர் மீளவில்லை. அவர்களை நம்பியிருந்த பெண்களும் குழந்தைகளும் தோட்டங்களில் ஆதரவற்று நின்றனர். 1945இல் போர் முடிந்தபோது, சேர்த்து வைத்திருந்த வாழைமர நோட்டும் வெறுங் காகிதமாயிற்று. இத்தகைய அவலங்களின் பின்னணியிலேதான் 1946இல் சமூகநல இலாகா தோற்றுவிக்கப்பட்டது. ஆதரவற்றோரைக் காப்பது கருணைச் செயல் மட்டுமன்று, அரசின் கடமையுமாகும் என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றிய காலம் அது.

ஆயினும், கொடுக்கும் கையே தடுக்கும் கையாகவும் மாறக்கூடும் என்பதை நம் ஊர் விரைவிலேயே கண்டது. 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு செல்வதைத் தடுக்க, 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஐந்து லட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்ட லயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. பல இடங்களில், பால் வெட்டச் செல்வோர் மதியச் சோற்றை வேலிக்கு வெளியே கொண்டு செல்லத் தடை இருந்தது. கடைகளில் விற்ற தகர டப்பாக்கள், சேமித்து வைக்க இயலாதபடி துளையிட்டே கொடுக்கப்பட்டன.

1952 மார்ச் 25ஆம் நாள், உடைக்கப்பட்ட குடிநீர்க் குழாயைச் செப்பனிடத் தஞ்சோங் மாலிமிலிருந்து புறப்பட்ட குழு தாக்கப்பட்டது. உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவருள் ஒருவர் இந்தக் கோட்னர். இரண்டு நாள் கழித்து, உயர் ஆணையர் ஜெனரல் சர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களை அழைத்து, தகவல் தராமல் மௌனம் காப்பதாகக் கடிந்துகொண்டார். நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, பேருந்துகள் நின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர் மக்களின் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. பின்னர் வீடுதோறும் வினாத்தாள் வழங்கப்பட்டு, பூட்டிய பெட்டிகளில் விடைகள் திரட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே ஊரடங்கு நீங்கியது. இச்செய்தி இலண்டன் நாடாளுமன்றத்திலும் கேள்வியாக எழுந்தது.

மாண்ட பன்னிருவரின் குடும்பத் துயரை நாம் மறக்கலாகாது; அரசுக்கும் அதன் காரணங்கள் இருந்தன. எனினும், குற்றம் இழைத்தவன் யார் என்று தெரியாத நிலையில், கைக்குழந்தையின் கஞ்சியும் முதியவரின் சோறும் சேர்ந்தே குறைக்கப்பட்டன. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அத்தண்டனையை ஏற்றனர். உணவு நிபந்தனைக்கு உட்பட்டதாகும்போது முதலில் வாடுவது மிக எளியவரே என்பதே அந்நாள்கள் கற்பித்த பாடம்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்தபோது, சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, உழைப்பாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆயினும் தாளின் ஆட்சி முடியவில்லை. குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரில் சிலர் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்தினர். பிறப்புப் பத்திரம் எடுக்கத் தவறிய ஒரு தலைமுறையின் குறை, அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்தது. 2011இல் மைடாஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நடத்த வேண்டிய அளவுக்கு அக்குறை நீடித்தது.

இன்று உதவிகள் பெருகியுள்ளன. குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என இருந்த வறுமைக்கோட்டு வருமானம் 2020இல் 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. அதுவரை ஏழையர் எனக் கணக்கில் வாராத பலர் அதனால் கணக்கில் வந்தனர். 2025இல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும், அடிப்படைப் பொருள்கள் வாங்க 100 ரிங்கிட் மைகார்டு வழியே வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் வேலிக்குள் அளந்து கொடுத்த அரிசி, இன்று அடையாள அட்டை வழியே வருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றமே இது. ஆனால் அட்டை இல்லாதவர்? விண்ணப்பம் நிரப்ப அறியாத பாட்டி? உதவி கேட்பதே இழுக்கென எண்ணிக் கதவை மூடிக்கொள்ளும் குடும்பம்? 2021இல் கோவிட் பெருந்தொற்றின்போது, வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உணவு கேட்டவர்களை நாடே கண்டது. கொடி கட்டவும் நாணியவர்கள் எத்தனை பேரோ!

பக்தப் பெருமக்களே! நம் முன்னோர் அட்டியின்றி இட்ட சோற்றை நாமும் தொடர்ந்து இடுவோம். அத்துடன் இன்னொரு தொண்டையும் மேற்கொள்வோம். பந்தி முடிந்தபின், படித்த இளைஞர் இருவர் மேசை போட்டு அமர்ந்து, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சமூகநல உதவி விண்ணப்பம் ஆகியவற்றை நிரப்பித் தந்தால், அதுவும் அன்னதானமே. ஒரு வேளைச் சோறு அன்றைய பசியைத் தணிக்கும். முறையாகப் பதியப்பட்ட ஒரு பெயர், வரும் ஆண்டுகளின் பசியையும் தடுக்கும். தாளின் பொருட்டு எவரும் பட்டினி கிடவாத ஊராகத் தஞ்சோங் மாலிம் திகழ, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!