புகையானை வளர்த்தது யார்? இந்தோனேசியா, 1986

இன்னைக்கு எபிசோடு ஒரு பூச்சியைப் பற்றி. ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. டெல்டா பக்கம் சொந்தக்காரங்க இருந்தா "புகையான்"னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும். நெற்பயிரோட தூர்ல கூட்டமா உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல்ல வட்ட வட்டமா, தீ வச்ச மாதிரி பயிர் காயும். இந்தப் பூச்சிதான் 1986-ல் இந்தோனேசிய அரசாங்கத்தையே தன் கொள்கையை மாத்த வச்சது.

முதல்ல பின்னணி. 1970களில் உலகத்திலேயே அதிகமா அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. அதிபர் சுகார்த்தோவுக்கு அரிசி ஒரு அரசியல் பிரச்சினை. விலை ஏறினா ஆட்சி ஆடும். அதனால் பசுமைப் புரட்சியை அரசே முன்னின்று நடத்தியது. புது ரக விதை, உரம், கடன், கூடவே பூச்சிமருந்து, எல்லாம் ஒரே தொகுப்பு. மருந்தோட விலையில் சுமார் 80 சதவீதத்தை அரசாங்கமே கட்டியது. கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற பொருளை யார் அளந்து அடிப்பாங்க? பூச்சி இருக்கோ இல்லையோ, காலண்டரைப் பார்த்து அடிச்சாங்க.

விளைச்சல் ஏறியது உண்மை. 1984-ல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைஞ்சது. அடுத்த வருஷம் ரோமில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் மேடையில் சுகார்த்தோ அதைப் பெருமையா பேசினார். அதே நேரத்தில் ஜாவாவில் புகையான் பரவிக்கிட்டு இருந்தது. 1970களின் நடுவிலும் இதே பூச்சி பெரிய சேதம் பண்ணியிருந்தது. அப்போ தாங்குற ரகத்தைக் கொடுத்துச் சமாளிச்சாங்க. இப்போ பூச்சி புது ரகங்களையும் தின்ன ஆரம்பிச்சது. மருந்து அடிக்க அடிக்க அதிகமாச்சு.

ஏன் அப்படி? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் கென்மோர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1970களின் கடைசியில் இதைத்தான் வயலில் இறங்கிப் பார்த்தார். புகையான் முட்டையை இலையுறைக்குள்ள செருகி வைக்கும். மேலே தெளிக்கிற மருந்து அங்கே சரியா போகாது. ஆனா வெளியில் திரியுற சிலந்தி, முட்டையைத் தின்னுற மிரிட் நாவாய்ப்பூச்சி, எல்லாம் செத்துடும். சில நாளில் குஞ்சு பொரிச்சு வெளியே வரும்போது தின்ன ஆளே இல்லை. எங்க வேலையில் இதைச் சொல்றதுன்னா, பக்கைச் சரிசெய்யப் போட்ட பேட்ச்தான் பக்கையே உருவாக்குது. இந்தோனேசியாவில் இதா ஞோமான் ஓகா போன்ற விஞ்ஞானிகளும் இதையே அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. தன்னிறைவு சாதனைன்னு உலக மேடையில் பேசி ஒரு வருஷம்தான் ஆகுது. "உங்க மானியம்தான் பூச்சியை வளர்க்குது"ன்னு அதிகாரிகள் அதிபரிடம் சொல்லணும். மருந்து வியாபாரத்தில் பெரிய பணம் வேற.

1986 நவம்பரில் அதிபர் ஆணை வந்தது. 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைதான் இனி தேசியக் கொள்கை. மானியத்தைப் படிப்படியா குறைச்சு, 1989 தொடக்கத்தில் முழுசா நிறுத்தினாங்க. வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் போய்க்கிட்டிருந்த செலவு அது. நெல்லில் மருந்து அடிக்கிறது பாதிக்கும் கீழே இறங்கியது. பயந்த மாதிரி விளைச்சல் விழலை, ஏறவே செய்தது.

ஆனா எனக்கு முக்கியமா பட்டது அதுக்கப்புறம் நடந்தது. அங்கேயும் விவசாயிகள் இதை "ஓபாட்"னுதான் சொல்வாங்க. அர்த்தம், மருந்து. நம்ம மாதிரியே. மருந்துன்னு நம்புற ஒன்றை ஆணை போட்டு மறக்க வைக்க முடியாது. அதனால் 1989-லிருந்து வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கினாங்க. சுமார் 25 விவசாயிகள், ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒரு நாள் வயலில் கூடுவாங்க. பூச்சிகளை எண்ணுவாங்க, எது பயிரைத் தின்னுது, எது பூச்சியைத் தின்னுதுன்னு பெரிய தாளில் வரைவாங்க. கூண்டு போட்ட செடியில் புகையானையும் சிலந்தியையும் விட்டு என்ன ஆகுதுன்னு பார்ப்பாங்க. அடிக்கணுமா வேண்டாமான்னு அவங்களே விவாதிச்சு முடிவெடுப்பாங்க. "இத்தனை நாளா நம்ம ஆளையே கொன்னிருக்கோம்" என்கிற முடிவுக்கு அதிகாரி சொல்லி வராம, தன் கண்ணால பார்த்து வந்தாங்க. பத்து வருஷத்தில் பத்து லட்சம் பேர் இதில் பயிற்சி எடுத்தாங்க. எதிர்க்கேள்வியை விரும்பாத ஒரு ஆட்சி, விவசாயிக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தது வரலாற்றோட வினோதம்.

கதை இதோட சுபமா முடியலை. 1999-ல் அந்தத் தேசியத் திட்டம் முடிஞ்சது. மருந்துக் கடைகள் முடியலை. திரும்பவும் தெளிப்பு கூடியது. 2010, 2011-ல் ஜாவாவில் புகையான் மறுபடி பெரிய அளவில் வந்தது.

அதனால் எங்கேயாவது "பூச்சிக்கொல்லிக்குத் தடை"ன்னு தலைப்புச் செய்தி வந்தா, நான் இப்போ மூணு விஷயம் தேடுறேன். மானியம் எந்தப் பக்கம் போகுது? விவசாயிக்கு வயலைப் படிக்க யார் கத்துக்கொடுக்கிறாங்க? அந்த வகுப்பு எத்தனை வருஷம் நடக்கும்? மூணாவது கேள்விக்கு இந்தோனேசியாவே பதில் சொல்லத் தவறிடுச்சு.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.